சிவகாசித் தொழில்களும் நுண்ணினப் பொருளியலும்: ஒரு வரலாற்றுப் பார்வை

நுண்ணினப் பொருளியல் என்பது தனி நுகர்வோர், தனி நிறுவனம், தனிச் சந்தை ஆகியவற்றின் முடிவுகளை ஆராயும் பொருளியல் பிரிவாகும். மேனிலைப் பள்ளியில் தேவை, அளிப்பு, விலை என்ற அளவில் அறிமுகமாகும் இப்பாடம், பல்கலைக்கழக இளங்கலைப் படிப்பில் சமநோக்கு வளைகோடு, சமஉற்பத்திக் கோடு, சந்தை அமைப்புகள், பொதுப் பண்டங்கள், புறவிளைவுகள் என விரிவடைகிறது. மாணவர் பலருக்குக் கடினமாகத் தோன்றும் கட்டமும் இதுவே. கோடுகளும் சமன்பாடுகளும் மனத்தில் நின்றாலும், அவை எந்த ஊரின் எந்தக் கடையைப் பற்றிப் பேசுகின்றன என்பது பிடிபடுவதில்லை.

விருதுநகர் மாவட்டத்தின் தொழில் வரலாறு இந்தக் குறையைப் போக்கக்கூடியது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களும் நூறாண்டுக் காலத்தில் சந்தித்த தீர்வைகள், வரிகள், தடைகள், விலை மாற்றங்கள் ஏறத்தாழ அப்பாடத்திட்டம் முழுவதற்கும் எடுத்துக்காட்டு தருகின்றன. ஒரு பொருளின் விலையில் சேராத செலவை யார் சுமக்கிறார்கள் என்ற கேள்விக்கும் இவ்வரலாற்றில் விடை தேடலாம்.

விருதுநகர் வணிகமும் மகமையும்

விருதுநகர் நெடுங்காலமாகப் பருப்பு, மிளகாய் வற்றல், எண்ணெய் வணிகத்துக்குப் பெயர் பெற்ற ஊர். விருதுநகர் சந்தை நிலவரம் நாளிதழ்களில் தனியாக வெளியிடப்படும் அளவுக்கு அதன் விலைகள் கவனிக்கப்பட்டன. இவ்வூர் நாடார் வணிகர்களிடையே வழங்கிய மகமை முறை குறிப்பிடத்தக்கது. விற்கும் சரக்கின் அளவுக்கேற்ப ஒரு சிறு தொகையை வணிகர் ஒவ்வொருவரும் உறவின்முறைப் பொதுநிதிக்குச் செலுத்தினர். வீடுகளில் நாள்தோறும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துப் பொதுக் காரியத்துக்கு வழங்கும் வழக்கமும் இருந்தது. இத்தகைய பொது உதவியால் வளர்ந்த சத்திரிய வித்தியாசாலையில்தான் காமராசர் படித்தார்.

பொதுப் பண்டங்கள் பற்றிய பாடம் ஒரு சிக்கலைச் சுட்டுகிறது. பள்ளி, கிணறு போன்றவற்றின் பயன் எல்லோருக்கும் கிடைக்குமாயின், "மற்றவர் கொடுக்கட்டும்" என்று ஒவ்வொருவரும் ஒதுங்கக்கூடும். பால் சாமுவேல்சன் 1954ஆம் ஆண்டிலும் மன்சூர் ஓல்சன் 1965ஆம் ஆண்டிலும் இச்சிக்கலை விரிவாக ஆராய்ந்தனர். மகமை அதற்கு நடைமுறையில் ஒரு விடை கண்டிருந்தது. பணம் விற்பனையின்போதே பிரிக்கப்பட்டது. கொடுக்க மறுப்பவர் உறவின்முறையின் ஆதரவை இழக்க நேரும். எனவே ஒதுங்குவது இலாபகரமாக இல்லை. அதே சமயம், உறவின்முறைக்கு வெளியே இருந்தோர் இந்த ஏற்பாட்டில் பங்குதாரர் அல்லர் என்பதையும் மறக்கலாகாது.

தீர்வையும் தீப்பெட்டியும்

முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவுக்குப் பெருமளவில் ஜப்பானிய தீப்பெட்டிகள் வந்தன. 1922ஆம் ஆண்டில் இறக்குமதித் தீர்வை ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிகளுக்கு, 12 அணாவிலிருந்து ஒன்றரை ரூபாயாக உயர்த்தப்பட்டது. அரசின் நோக்கம் வருவாய். ஆனால் உயர்ந்த தீர்வை உள்நாட்டு உற்பத்திக்கு ஒரு மதில் போல அமைந்தது.

மதிலுக்குள் இரு வகையினர் நுழைந்தனர். முதலாமவர் சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனத்தார். ஈவார் குரூகர் என்பவரின் தலைமையில் பல நாடுகளில் முற்றுரிமை பெற்றிருந்த அந்நிறுவனம், தீர்வை கட்டி இறக்குமதி செய்வதைவிட இங்கேயே உற்பத்தி செய்வது மேல் எனக் கருதி 1923இல் மேற்கிந்தியத் தீப்பெட்டிக் கம்பெனியை, அதாவது 'விம்கோ'வைத் தொடங்கியது. பம்பாய்க்கு அருகே அம்பர்நாத்தில் அதன் ஆலை அமைந்தது. சென்னை திருவொற்றியூரில் பிற்காலத்தில் இயங்கிய ஆலையின் நினைவாகவே விம்கோ நகர் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

இரண்டாமவர் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும். இவ்விருவரும் 1922இல் கல்கத்தா சென்று, ஏறத்தாழ 8 மாதங்கள் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். ஜெர்மனியிலிருந்து தருவித்த இயந்திரங்களுடன் தொழிலைத் தொடங்கியவர்கள், பின்னர் கைமுறை உற்பத்திக்கு மாறினர்.

இயந்திரமா, கையா?

ஒரே அளவு பண்டத்தை மிகுந்த மூலதனம், குறைந்த உழைப்பு என்றும் உற்பத்தி செய்யலாம். குறைந்த மூலதனம், மிகுந்த உழைப்பு என்றும் உற்பத்தி செய்யலாம். சமஉற்பத்திக் கோடு உணர்த்துவது இதையே. எந்தப் புள்ளியைத் தேர்வது என்பதைக் கூலிக்கும் மூலதனச் செலவுக்கும் உள்ள விகிதம் முடிவு செய்கிறது.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பகுதிகள் வானம் பார்த்த பூமி. வேளாண்மையில் ஆண்டு முழுவதும் வேலை கிடைப்பதில்லை. கூலி குறைவு. மழை குறைந்த வறண்ட காலநிலை, மருந்து தோய்த்த குச்சிகள் உலர்வதற்கும் ஏற்றது. ஆகவே குச்சி அடுக்குதல், மருந்து முக்குதல், பெட்டி ஒட்டுதல் ஆகிய வேலைகள் கையாலேயே நடந்தன. பெட்டி ஒட்டும் வேலை வீடுகளுக்கும் சென்றது. விம்கோ இயந்திரத்தைத் தேர்ந்ததும் சிவகாசி கையைத் தேர்ந்ததும் ஒரே கோட்டின் இரு புள்ளிகள் எனலாம்.

இந்த விகிதத்தை வரியும் மாற்றியது. 1934ஆம் ஆண்டுத் தீப்பெட்டி கலால் வரிச் சட்டத்தின் மூலம் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் வரி வந்தது. விடுதலைக்குப் பின், வேலைவாய்ப்பைப் பெருக்கும் நோக்கில் சிறிய கைமுறை ஆலைகளுக்குக் குறைந்த வரி விதிக்கப்பட்டது. இதனால் சிறு ஆலைகள் பெருகின, விம்கோ பின்தங்கியது. ஆனால் எதிர்பாராத விளைவும் உண்டு. ஆலை வளர்ந்தால் வரி கூடும் என்பதால், வளர வேண்டிய ஆலை பெரிதாகாமல் பல சிறு ஆலைகளாகப் பிரிந்தது. ஒரு கோட்டுக்கு இப்பால் குறைந்த வரி, அப்பால் கூடிய வரி என்றால் எல்லோரும் கோட்டுக்கு இப்பாலே நிற்க முயல்வர் என்ற பாடத்துக்கு இது தெளிவான சான்று. சிறுதொழிலுக்கென ஒதுக்கப்பட்டிருந்த பொருள்களின் பட்டியலில் கடைசிவரை நீடித்தவற்றுள் தீப்பெட்டியும் பட்டாசும் அடங்கும். அவ்வொதுக்கீடு 2015இல் நீக்கப்பட்டது.

ஓரிடத்தில் குவிந்த தொழில்கள்

ஆல்பிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட நூலில், ஒரே தொழில் ஓரிடத்தில் குவிவதால் எல்லா நிறுவனங்களுக்கும் கிடைக்கும் புறச் சிக்கனங்களை விளக்கினார். தேர்ந்த தொழிலாளர், மூலப்பொருள் வணிகர், தொழில் நுணுக்க அறிவு ஆகியவை அவ்வூரிலேயே கிடைக்கும் என்பது அவர் கருத்து. சிவகாசியில் தீப்பெட்டி வேதிப்பொருள்களைக் கையாண்ட அனுபவம் மத்தாப்புக்கும் பட்டாசுக்கும் வழிவகுத்தது. 1940ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் உரிமத்தைக் கட்டாயமாக்கியதை அடுத்து, முறையான பட்டாசு ஆலைகள் தோன்றின.

ஒரு தீப்பெட்டிக்கும் மற்றொன்றுக்கும் உள்ளே பெரிய வேறுபாடு இல்லை. வாங்குவோரை ஈர்ப்பது மேலே உள்ள படம். ஒத்த பண்டங்களைப் பெயராலும் அடையாளத்தாலும் வேறுபடுத்தி விற்கும் சந்தையை எட்வர்ட் சேம்பர்லின் 1933இல் 'முற்றுரிமைப் போட்டி' என விளக்கினார். அதே ஆண்டில் ஜோன் ராபின்சனும் நிறைகுறைப் போட்டி பற்றிய நூலை வெளியிட்டார். சிவகாசியில் அந்த வேறுபடுத்தலுக்குப் பல வண்ண அச்சு தேவைப்பட்டது. சீட்டு அச்சடிக்க வந்த அச்சகங்கள் பின்னர் நாட்காட்டி, நாட்குறிப்பு, பாடநூல் என விரிந்தன. 'குட்டி ஜப்பான்' என்ற பெயர் நிலைத்ததற்கு இந்த மூன்று தொழில்களின் சேர்க்கையே காரணம்.

இத்தொழில்களின் வருவாய் கல்விக்கும் சென்றது. அய்ய நாடாரின் பெயர் தாங்கிய அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963இல் சிவகாசியில் தொடங்கப்பட்டது. இங்குப் பொருளியல் கற்கும் மாணவர், தம் பாடம் விளக்கும் தொழிலால் எழுந்த வளாகத்திலேயே அதைக் கற்கின்றனர்.

குழந்தைத் தொழிலாளர்: விலையில் எழுதப்படாத செலவு

கைமுறை உற்பத்தியின் மலிவுக்குப் பின்னால் குழந்தைகளின் உழைப்பும் இருந்தது. குச்சி அடுக்கும் வேலைக்குச் சிறு விரல்கள் ஏற்றவை என்ற பேச்சு நெடுநாள் வழங்கியது. விடியற்காலையில் ஆலை வண்டிகள் சிற்றூர்களுக்குச் சென்று குழந்தைகளை ஏற்றி வந்ததை 1970களிலும் 1980களிலும் பலர் பதிவு செய்தனர். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. குழந்தையை வேலைக்கு அமர்த்தியவர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும். அக்குடும்பத்தின் பெரியவர் ஒருவருக்கு வேலை தர அரசு முயல வேண்டும், இயலாவிடில் 5,000 ரூபாய் அந்நிதியில் சேர்க்க வேண்டும் என்பன அதன் முக்கிய கூறுகள்.

1998இல் கௌசிக் பாசுவும் பாம் ஹோங் வான் என்பவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைக் கோட்பாடாக விளக்குகிறது. பெற்றோர் பேராசையால் குழந்தையை அனுப்புவதில்லை. பெரியவர் கூலி உயிர்வாழும் அளவுக்குக் கீழே இருக்கும்போதே அனுப்புகின்றனர் என்பது முதல் கருதுகோள். குழந்தை செய்யும் வேலையைப் பெரியவரும் செய்ய முடியும் என்பது இரண்டாவது. இவ்விரண்டும் உண்மையானால், ஒரே ஊரின் தொழிற்சந்தைக்கு இரு சமநிலைகள் இருக்கலாம். குழந்தைகள் வேலை செய்வதால் பெரியவர் கூலி தாழ்வதும், அது தாழ்வதால் குழந்தைகள் வேலைக்கு வருவதும் ஒன்று. குழந்தைகள் விலகுவதால் பெரியவர் கூலி உயர்வதும், அது உயர்வதால் குழந்தைகள் பள்ளியில் நிலைப்பதும் மற்றொன்று. முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்குச் செல்லச் சந்தைக்கு வெளியிலிருந்து ஓர் உந்துதல் வேண்டும். தண்டத்தையும் பெரியவர் வேலையையும் இணைத்த 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு இத்தகைய உந்துதலாக அமைந்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கி 1982இல் எம். ஜி. ஆர். ஆட்சியில் விரிவாக்கப்பட்ட மதிய உணவுத் திட்டமும் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவதன் வாய்ப்புச் செலவைக் குறைத்தது.

ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய்

தீப்பெட்டியின் சில்லறை விலை 2007இல் 50 காசிலிருந்து ஒரு ரூபாயாயிற்று. அடுத்த உயர்வு 14 ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பர் 1 அன்று வந்தது. விலை இரண்டு ரூபாயாயிற்று. 25 காசு நாணயம் 2011 ஜூன் முடிவில் செல்லாமற்போன பிறகு, ஒன்றேகால் ரூபாய் என்ற விலைக்கே இடமில்லை. செலவு சிறிது சிறிதாக ஏறினாலும் விலை படிக்கட்டு போல் ஒரே தாவலாகத்தான் ஏற முடியும்.

இடைப்பட்ட காலத்தில் செலவேற்றத்தை உற்பத்தியாளர் தாங்கினர். 2021இல் சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ரூபாயாகவும், மெழுகு 58 ரூபாயிலிருந்து 80 ரூபாயாகவும் உயர்ந்தன. அப்போது 600 பெட்டிகள் கொண்ட ஒரு பண்டல் 270 முதல் 300 ரூபாய்க்கு ஆலையிலிருந்து சென்றது. அதாவது கடையில் ஒரு ரூபாய்க்கு விற்ற பெட்டிக்கு ஆலைக்குக் கிடைத்தது 45 முதல் 50 காசு மட்டுமே. ஐந்து தீப்பெட்டி உற்பத்தியாளர் சங்கங்கள் கூடி முடிவெடுத்த பின்னரே விலை உயர்ந்தது. தனி ஓர் ஆலை உயர்த்தியிருந்தால் வாங்குவோர் அடுத்த படத்துக்கு மாறியிருப்பர். எல்லோரும் உயர்த்தும்போது மாறுவதற்கு வேறு தீப்பெட்டி இல்லை. தனி நிறுவனத்தின் தேவை நெகிழ்ச்சியும் மொத்தத் தொழிலின் தேவை நெகிழ்ச்சியும் வெவ்வேறு என்பதை இதைவிட எளிதாக விளக்க இயலாது.

ஆனால் வேறு பதிலீட்டுப் பண்டம் வந்துவிட்டது. பத்து ரூபாய் நெகிழி லைட்டர் ஒன்று 20 தீப்பெட்டிகளுக்கு ஈடாகும் எனத் தமிழக அரசு 2022இல் ஒன்றிய அரசிடம் முறையிட்டது. 2023 ஜூன் மாதத்தில் 20 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள லைட்டர்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. 1922இல் ஒரு தீர்வை மதிலோடு தொடங்கிய தொழில், நூறாண்டு கழித்து மற்றொரு மதிலை நாடியது.

பொறியும் புகையும்

புறவிளைவுகள் பற்றி 1920இல் எழுதிய ஆர்தர் பிகு, இரயில் எஞ்சின் பொறியால் அருகிலுள்ள காடு எரிவதை எடுத்துக்காட்டினார். அந்த இழப்பு இரயில் கட்டணத்தில் சேர்வதில்லை. எனவே அரசு தலையிட வேண்டும் என்பது அவர் வாதம். ரொனால்டு கோசு 1960இல் இதை மறுபரிசீலனை செய்து, உரிமைகள் தெளிவாகவும் பேச்சுச் செலவு குறைவாகவும் இருந்தால் இருதரப்பினரும் தாமே உடன்பாடு காண்பர் என்றார். தீபாவளி இரவின் டெல்லியில் கோடிக்கணக்கானோர் பேசி உடன்பாடு காண்பது இயலாது. அதனால் நீதிமன்றம் தலையிட்டது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடை செய்து, பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்து, தீபாவளியன்று வெடிக்கும் நேரத்தை இரவு 8 முதல் 10 வரை எனக் குறுக்கியது. வரி விதிக்கும் வழிக்கு மாற்றாக அளவைக் கட்டுப்படுத்தும் வழி இது.

புகையின் செலவு டெல்லியில் விழுந்தது. அதைக் குறைக்கும் நடவடிக்கையின் செலவு சிவகாசியில் விழுந்தது. சரவெடி கோர்த்துப் பிழைத்தோர் வேலை இழந்தனர். சுத்தமான காற்று தேவையா என்பதில் ஐயமில்லை. மாற்றத்தின் சுமையை நாளொன்றுக்குக் கூலி பெறுவோரே தாங்க வேண்டுமா என்பதே கேள்வி.

ஆலைக்குள்ளேயே விழும் செலவும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரும் விபத்துகள் தொடர்கின்றன. ஆபத்தான வேலைக்குக் கூலி கூடுதலாக இருக்கும் என ஆடம் ஸ்மித் 1776இலேயே எழுதினார். தொழிலாளிக்கு ஆபத்தின் அளவு தெரிந்திருக்க வேண்டும், மறுப்பதற்கு வேறு வேலையும் இருக்க வேண்டும் என்பவை அதற்குள் அடங்கிய நிபந்தனைகள். வானம் பார்த்த பூமியில் இரண்டாவது நிபந்தனை எளிதில் நிறைவேறுவதில்லை. உரிமம் ஒருவர் பெயரிலும் உற்பத்தி உள்குத்தகை எடுத்த வேறொருவர் கையிலும் இருக்கும்போது, பாதுகாப்பிற்குச் செலவிடும் பொறுப்பும் இருவருக்கும் நடுவே நழுவிவிடுகிறது.

முடிவுரை

சிவகாசியின் வரலாற்றில் விலை ஒருபோதும் தானாக உருவானதில்லை. தீர்வை, கலால் வரி, ஒதுக்கீடு, நாணய மதிப்பு, நீதிமன்ற ஆணை ஆகியவை ஒவ்வொன்றும் அதை வடிவமைத்தன. விலையில் சேராத செலவு மறைந்துவிடவும் இல்லை. அது குழந்தையின் பள்ளி நாட்களாகவோ, நகரவாசியின் மூச்சாகவோ, தொழிலாளியின் உயிராகவோ வேறோரிடத்தில் வசூலானது. நுண்ணினப் பொருளியல் கற்கும் மாணவர் இரண்டு ரூபாய்த் தீப்பெட்டியைக் கையில் எடுத்து, அந்த இரண்டு ரூபாய் யார் யாருக்குப் போகிறது, அதில் எது எழுதப்படவில்லை என்று கணக்கிட்டுப் பார்த்தால், பாடத்தின் பெரும்பகுதி அதில் அடங்கியிருப்பதைக் காணலாம்.