அரியணை ஏறாத மொழி

வடகிழக்கு இத்தாலியில், ஆல்ப்ஸ் மலைகளுக்கும் அட்ரியாட்டிக் கடலுக்கும் இடையே அமைந்த ஃபிரியூலி நிலப்பகுதியில் வழங்கும் ஃபிரியூலிய மொழி, கி.மு. 181-இல் ரோமானியர் நிறுவிய அக்குவிலேயா நகரின் வழியே அங்கு வேரூன்றிய லத்தீனிலிருந்து கிளைத்ததாகும்.

கனோசா கோட்டையில் திருத்தந்தை ஏழாம் கிரகோரியிடம் மன்னிப்புப் பெற்றுத் திரும்பிய ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்றி, 1077 ஏப்ரல் 3 அன்று, தம் பக்கம் நின்ற அக்குவிலேயாவின் முதுபெரும் தந்தை, அதாவது ஆயர்கள் பலருக்கும் தலைமை வகிக்கும் சமயத் தலைவர், சிகார்டுக்கு ஃபிரியூலியின் ஆட்சியுரிமையையும் வழங்கினார். இவ்வாறு உருவான திருச்சபை அரசு, 1420-இல் வெனிஸ் குடியரசிடம் வீழும் வரை நிலைத்தது. ஆயினும் அதன் ஆட்சியாளர் பலர் ஜெர்மானியராகவும் ஆவணமொழி லத்தீனாகவும் இருந்தமையால், குடிமக்களின் மொழி அரசவையில் இடம்பெறவில்லை.

அம்மொழியின் தொடக்ககால எழுத்துச் சான்றுகள் எளிய இடங்களிலேயே கிடைக்கின்றன. 14-ஆம் நூற்றாண்டில், உதினே, ஜெமோனா, சிவிதாலே ஆகிய ஊர்களின் வரவுசெலவுக் கணக்கேடுகளில் அது எழுதப்பட்டது. சிவிதாலேயில் பத்திரம் எழுதும் தொழில் பயின்ற மாணவர்கள், ஃபிரியூலிய வாக்கியங்களை லத்தீனுக்குப் பெயர்த்த பயிற்சித் தாள்களும் எஞ்சியுள்ளன. லத்தீன் கற்பதற்கே தாய்மொழி அங்குத் துணைக்கருவியாகப் பயன்பட்டது என்பதை இவை காட்டுகின்றன.

வெனிஸ் ஆட்சியில் நகரத்து மேட்டுக்குடியினரிடையே வெனிஸ் மொழி செல்வாக்குப் பெற, நாட்டுப்புறத்தார் பழைய பேச்சையே பேணினர். லத்தீனில் ‘கிளாவிஸ்’ எனப்பட்ட திறவுகோல், இத்தாலியத்தில் ‘கியாவே’ எனத் திரிய, ஃபிரியூலியத்தில் ‘கிளாஃப்’ என மூல மெய்மயக்கத்தைக் காத்து நிற்கிறது. பன்மையைப் பெரும்பாலும் சகர ஈற்றால் உணர்த்துவதும் இத்தாலியத்திலிருந்து இதனை வேறுபடுத்துகிறது. இத்தகைய கூறுகளை ஆராய்ந்த, கொரிட்சியாவில் பிறந்த மொழியியலறிஞர் அஸ்கோலி, 1873-இல் வெளியிட்ட ஆய்வில் ஃபிரியூலியத்தை ஆல்ப்ஸ் பகுதியின் லதீன், சுவிட்சர்லாந்தின் ரொமான்ஷ் ஆகியவற்றுடன் ஒரே குழுவில் சேர்த்தார். பின்வந்த இத்தாலிய அறிஞர் சிலர் அக்குழுவின் ஒருமையை மறுத்தனராயினும், இது தனித்து ஆராயத்தக்க மொழி என்னும் கருத்து வலுப்பெற்றது. 1919-இல் கொரிட்சியாவில் தோன்றிய ஃபிரியூலிய மொழியியல் கழகமும் அவர் பெயரையே தாங்கியது.

இத்தாலிய நாடாளுமன்றம் 1999-இல் இயற்றிய 482-ஆம் எண் சட்டம், பாதுகாக்கப்பட வேண்டிய 12 சிறுபான்மை மொழிச் சமூகங்களுள் ஒன்றாக ஃபிரியூலியரையும் ஏற்று, அவர்தம் மொழிக்குப் பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் இடமளித்தது. தாயகத்தில் அரசு நிலவிய காலத்தில் கிட்டாத அலுவல் தகுதி, அவ்வரசு மறைந்து ஏறத்தாழ 6 நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே வாய்த்தது. அதுவரை அம்மொழியைக் காத்தவை கிராமத்து இல்லங்களே.

(தொடரும்)