அட்டையிலிருந்து ஒரு பெயர்

மார்க் ப்ளோக்கைப் பற்றி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய சாவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1944 ஜூன் 16 இரவு, லியோன் நகரத்து மோன்லுக் சிறையிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய், ஸான் டிடியே என்ற கிராமத்தருகே மற்றக் கைதிகளோடு சேர்த்து ஜெர்மானியர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 58 வயது நிறைய மூன்று வாரம் பாக்கி. இந்தச் சாவின் வெளிச்சத்தில் அவர் எழுதியதெல்லாம் ஒரு தியாகியின் எழுத்தாகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது. தியாகியை யார் படிக்கிறார்கள்? கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது, சாவதற்கு மூன்று வருஷம் முன்னால் ஒரு பத்திரிகை அட்டையில் யார் பெயர் இருக்கலாம் என்பது பற்றி அவருக்கும் அவருடைய நண்பருக்கும் நடந்த சண்டை. பத்திரிகை நடத்துகிற, அதில் எழுதுகிற நமக்கு அது இன்னும் கிட்டத்தில் இருக்கிற விஷயம்.

ப்ளோக் 1886இல் லியோனில் பிறந்தார். அல்ஸாஸிலிருந்து வந்த யூதக் குடும்பம். அப்பா குஸ்தாவ் ப்ளோக் ரோமானிய வரலாற்றுப் பேராசிரியர். பாரிஸின் எகோல் நோர்மாலில் படிப்பு, பிறகு ஒரு வருஷம் பெர்லினிலும் லைப்ஸிக்கிலும், அப்புறம் பள்ளிக்கூட ஆசிரியர் வேலை. ஒரு பேராசிரியர் மகனுக்குப் போட்டு வைத்த பாதைதான். 1914இல் யுத்தம் வந்து அவரை அதிலிருந்து தூக்கி வெளியே போட்டது. ஸார்ஜெண்டாகப் போனவர் காப்டனாகத் திரும்பி வந்தார்.

பதுங்குகுழியில் அவர் கற்றுக்கொண்டதை எந்த ஆவணக் காப்பகமும் சொல்லிக் கொடுத்திருக்காது. 1917 செப்டம்பரில் அவருடைய படைப்பிரிவு ஒரு ஜெர்மானியச் சிப்பாயைப் பிடித்தது. அவன் ப்ரேமன் நகரத்து வியாபாரி. கொஞ்ச நேரத்தில் போர்முனை பூராவும் பேச்சு: 'பிடிபட்டவன் யுத்தத்துக்கு முன்பே ப்ரேனில் கடை வைத்திருந்தானாம், ஒற்றனாம்.' ப்ரேன் என்பது பக்கத்திலேயே இருந்த பிரெஞ்சு ஊர். வெறும் காதுப் பிசகு என்று சொல்லி யாரும் விட்டுவிடக்கூடிய விஷயம். ப்ளோக் விடவில்லை. காது ஏன் அந்தத் திசையில் பிசகியது? ஜெர்மானிய ஒற்றர்கள் எங்கும் இருக்கிறார்கள் என்பதைச் சிப்பாய்கள் ஏற்கனவே நம்பியிருந்தார்கள், நம்பியிருந்ததையே கேட்டார்கள். 1921இல் யுத்த வதந்திகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இதைச் சொல்கிறது. பொய்ச் செய்தியைத் தள்ளிவிட்டு மெய்யை எடுத்துக்கொள்வதோடு வரலாற்றுக்காரனின் வேலை முடிந்துவிடுகிறது என்றிருந்த காலத்தில், பொய்யும் ஒரு சாட்சியம், அதைப் பரப்பியவர்களின் மனசுக்குச் சாட்சியம் என்றார்.

வங்கியில் காஷ் கவுண்ட்டரில் உட்காருகிறவனுக்கு இது புரியக் கஷ்டமில்லை. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற பேச்சு தமிழ்நாட்டில் எத்தனை வருஷம் ஓடியது! செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் அறிக்கை விட்ட பிறகும், பஸ்ஸில் வாங்கவில்லை, கடையில் வாங்கவில்லை என்று சுருக்குப்பையோடு கொண்டுவந்து கொட்டுவார்கள். அறிக்கையைக் காட்டி நான் வாதாடிப் பார்த்திருக்கிறேன். பிரயோஜனமில்லை. ஒரு ராத்திரியில் கையிலிருக்கும் நோட்டு செல்லாமல் போகும் என்பதை 2016இல் அனுபவித்தவர்கள் அவர்கள். நாணயத்தைப் பற்றி அவர்கள் நம்பியது பொய். அரசாங்கத்தைப் பற்றி நம்பியதை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் கட்டுரையிலிருந்து 1924இல் வந்த புத்தகத்துக்கு நேர்வழி இருக்கிறது. பிரான்ஸ், இங்கிலாந்து அரசர்கள் தொட்டால் கண்டமாலை குணமாகும் என்ற நம்பிக்கை நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்திருந்தது. பிரான்ஸில் கடைசியாகத் தொட்டவர் பத்தாம் சார்லஸ், 1825இல். குணமானார்களா என்பது ப்ளோக்கின் கேள்வியே அல்ல. குணமாகாதபோதும் ஜனங்கள் ஏன் நம்பினார்கள் என்பதுதான். இதற்கு அவர் போன இடங்களில் ஒன்று இங்கிலாந்து அரண்மனையின் தர்மக் கணக்கு. முதலாம் எட்வர்ட் தொட்ட நோயாளிக்கு ஆளுக்கு ஒரு பென்னி கொடுத்திருக்கிறார்கள், கணக்கெழுதி வைத்திருக்கிறார்கள். அதை வைத்து எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணினார். அற்புதத்தைப் பேரேட்டில் தேடிப் பிடித்த இந்தச் செய்கைக்காகவே எனக்கு அவரிடம் ஒரு தொழில்முறைப் பிரியம் உண்டு.

1919இல் ஜெர்மனியிடமிருந்து மீண்ட ஸ்ட்ராஸ்பூர்கின் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கேதான் லூஸியன் ஃபெவ்ர். இருவரும் சேர்ந்து 1929 ஜனவரியில் 'அனால்' பத்திரிகையைத் தொடங்கினார்கள். (கொஞ்சம் நீட்டினால் நம் 'ஆனால்' ஆகிவிடும். பண்டிதர்கள் சொல்லி முடித்த இடத்தில் 'ஆனால்' போட்டதுதான் அந்தப் பத்திரிகையின் வேலையும்.) ராஜாக்கள், யுத்தங்கள், உடன்படிக்கைகள் என்றிருந்த சரித்திரத்தில் ஏர், வயல் வரப்பு, நாணயம், விலைவாசி எல்லாம் வந்து சேர்ந்தன. ஃபெவ்ர் 1933இல் கொலேஜ் த ஃப்ரான்ஸுக்குப் போய்விட்டார். ப்ளோக்கும் முயன்றார், கிடைக்கவில்லை. 1936இல் ஸோர்போன் கிடைத்தது. இந்த உத்தியோக விவரங்களில் எனக்கு அதிக ருசியில்லை. 1931இல் வந்த பிரெஞ்சு கிராம வரலாறும், யுத்தம் தொடங்குகிற சமயத்தில் வெளிவந்த நிலமானிய சமூகம் பற்றிய பெரிய புத்தகமும்தான் அந்தப் பத்து வருஷத்தின் மிச்சம்.

1939இல் 53 வயது, ஆறு குழந்தைகள். போக வேண்டிய கட்டாயமில்லை, போனார். ராணுவத்துக்குப் பெட்ரோல் கணக்குப் பார்க்கிற வேலை. டன்கர்க்கிலிருந்து தப்பி இங்கிலாந்து போய், உடனே பிரான்ஸ் திரும்பி, ரென் நகரத்துக்குள் ஜெர்மானியர்கள் நுழைந்தபோது சீருடையைக் கழற்றிவிட்டு ஓட்டலில் அறை எடுத்தார், சொந்தப் பெயரிலேயே. தலை நரைத்த ஒரு பேராசிரியரை எவன் காப்டன் என்று நினைப்பான்? அந்தக் கோடையிலேயே தோல்வியைப் பற்றிய சாட்சியத்தை எழுதி முடித்தார். 1946இல்தான் அது அச்சேறியது. தளபதிகளைக் குற்றம் சாட்டுகிற அதே பேனா தன் தலைமுறைப் பேராசிரியர்களையும் விடவில்லை. நடப்பதைப் பார்த்துக்கொண்டு ஆராய்ச்சியறையில் உட்கார்ந்திருந்தோம் என்று தன்னையும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறார்.

அந்த அக்டோபரில் வீஷி அரசாங்கத்தின் யூதச் சட்டம் வந்தது. யூதர்கள் பாடம் நடத்தக் கூடாது. ப்ளோக்குக்கு விசேஷ விலக்கு அளித்து, க்ளெர்மோன் ஃபெரானில் தற்காலிகமாக இயங்கிய ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் இருக்க விட்டார்கள். அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. குடும்பம் முழுவதற்கும் விசா கிடைக்காததால் அந்தக் கதவும் மூடியது. இந்த நிலைமையில்தான், 1941 வசந்தத்தில், பாரிஸிலிருந்து ஃபெவ்ர் எழுதினார்: அட்டையிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட வேண்டும்.

காரணம் நியாயமானதே. பத்திரிகை அப்போது இவர்கள் இருவரின் சொத்து. பாரிஸ் ஜெர்மானியர் கையில். ஒரு யூதர் பங்குதாரராக இருந்தால் பறித்துக்கொள்வார்கள். ப்ளோக் மறுத்தார். பெயரை எடுப்பது நானே என்னைத் துறப்பதாகும், அதைவிட நிறுத்திவிடலாம் என்பது அவர் கட்சி. பத்திரிகை செத்தால் அது நாட்டுக்கு இன்னொரு சாவு என்பது ஃபெவ்ரின் கட்சி. 1994இலிருந்து மூன்று தொகுதிகளாக இருவர் கடிதங்களும் வெளிவந்துவிட்டன. அந்த மாதக் கடிதங்களில் கசப்பு மறைக்கப்படவில்லை. கடைசியில் மே மாதம் ப்ளோக் விட்டுக்கொடுத்தார். பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதில் 'ஃபூழேர்' என்ற பெயரில் மதிப்புரைகள் எழுதிக்கொண்டிருந்தார். ஃபூழேர், க்ரோஸ் பிரதேசத்தில் அவருடைய வீடு இருந்த குக்கிராமம்.

ஃபெவ்ரைத் திட்டுவது இன்று சுலபம், திட்டியும் இருக்கிறார்கள். ப்ளோக்கே சம்மதித்து, தொடர்ந்து எழுதவும் செய்தாரே என்பது மறுதரப்பின் பதில். இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. வேறு வழியில்லாதவனின் சம்மதத்தை, கேட்டு வாங்கியவனின் கணக்கில் வரவு வைக்க முடியாது. அதே சமயம் ஃபெவ்ர் பயந்தாங்கொள்ளி என்றும் நான் எழுதமாட்டேன். பத்திரிகை என்ற ஒன்றின் மேல் வெறிகொண்ட மனிதர். அந்த வெறி அவரை எதையும் கேட்க வைத்தது. ஒரு இதழ் நின்றுபோய்விடக்கூடாதே என்பதற்காக நாம் எதையெல்லாம் வெளியிடாமல் விட்டிருக்கிறோம், யாரையெல்லாம் விட்டிருக்கிறோம் என்று யோசித்தால் என்னால் அவர்மேல் கல்லெறிய முடிவதில்லை. ஆனால் நியாயம் ப்ளோக் பக்கம்தான் இருந்தது. பத்திரிகை பிழைத்ததும், யுத்தத்துக்குப் பிறகு பெரிய ஸ்தாபனமானதும் அந்த நியாயத்தை மாற்றிவிடவில்லை.

1942 நவம்பரில் ஜெர்மானியர்கள் தெற்கேயும் இறங்கினார்கள். அடுத்த வருஷம் ப்ளோக் லியோனில் தலைமறைவு இயக்கத்தில் இருந்தார். பெயர்கள் இப்போது மாறிக்கொண்டே இருந்தன: அர்பாழோன், ஷெவ்ரூஸ், நார்போன். எல்லாம் ஊர்ப் பெயர்கள். அட்டையில் இருந்த ஒரு பெயருக்காக அவ்வளவு சண்டை போட்டவர் பெயரே இல்லாமல் வேலை செய்தார். 1944 மார்ச் 8 அன்று பிடிபட்டார், சித்திரவதைக்கு ஆளானார். அவர் கொல்லப்பட்டு இரண்டு வாரங்களில், ஜூலை 2 அன்று, மனைவி சிமோனும் நோயில் இறந்துபோனார். 2024 நவம்பரில் பிரெஞ்சு ஜனாதிபதி அவரைப் பாந்தியோனில் சேர்க்கப்போவதாக அறிவித்தார். உயிலில் அவர் கேட்டிருந்தது கல்லறைமேல் உண்மையை நேசித்தவன் என்று பொருள்படும் இரண்டு லத்தீன் சொற்கள் மட்டும்.

வரலாற்றுக்காரனின் தொழிலைப் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்த புத்தகம் ஐந்தாம் அத்தியாயத்தோடு நின்றுபோயிருந்தது. பாரிஸ் வீட்டு நூலகத்தை ஜெர்மானியர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டதால், கையில் குறிப்புகள் இல்லாமல் எழுதியது. ஒரு பையன் தகப்பனாரிடம் சரித்திரத்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்பதில் தொடங்குகிறது. கையெழுத்துப் பிரதியை ஒழுங்குபடுத்தி 1949இல் வெளியிட்டவர் ஃபெவ்ர். அதன் சமர்ப்பணமும் ஃபெவ்ருக்குத்தான். சமர்ப்பணத்தின் கீழே ஊர், தேதி போட்டிருக்கிறது: ஃபூழேர், 1941 மே 10. சண்டை இன்னும் முடியாத நாட்கள்.