பிட்டேயும் பிட்டும்

பொங்கலன்று எங்கள் சால்ட் லேக் வீட்டில் இரண்டு அடுப்பிலும் அரிசிதான். ஒன்றில் சர்க்கரைப் பொங்கல், இன்னொன்றில் பிட்டே. வங்காளிகளுக்கு அன்று பௌஷ சங்கராந்தி. அரிசி மாவு, தேங்காய், ஈச்ச மரத்துப் புது வெல்லம்... நம்ம ஊர்க் கொழுக்கட்டைக்கு அக்கா முறை என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

வெந்து வருவதற்குள் மகளுக்குக் கதை சொல்ல, கருணாமயி புத்தகக் கண்காட்சியில் வாங்கிய 'டாகுர்மார் ஜுலி'யை எடுத்தேன். பாட்டியின் பை என்று அர்த்தம். கிராமத்துப் பெண்கள் சொன்ன கதைகளைத் தொகுத்து தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் 1907-ல் வெளியிட்டது. 1905 வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் சூடாக இருந்த நேரம். பாட்டி கதையைவிடச் சுதேசியான சரக்கு வேறு உண்டா என்று முன்னுரையில் கேட்டார் தாகூர்.

அதில் ஒரு கதை. காஞ்சன்மாலா ராணி. அவள் குளிக்கும்போது நகைகளை மாட்டிக்கொண்டு ராணியாகிவிடும் பணிப்பெண் காங்கன்மாலா. நிஜ ராணி யார்? சோதனை, பிட்டே செய்வது! போலி ராணி செய்தது வாயில் வைக்க முடியாத முரட்டுப் பிட்டே. நிஜ ராணி செய்ததோ சந்திரபுலி, க்ஷீர்முரளி. அப்புறம் மாக்கோலத்திலும் இதே கதைதான். குட்டு உடைந்தது.

"பாத்தியா, கைப்பக்குவம் பொய் சொல்லாது" என்று நீதி சொல்லி முடித்தேன்.

மகள் விடவில்லை. "நகையைத் திருடினது தப்புதான்பா. ஆனா பிட்டே செய்யத் தெரியாதது தப்பா? அவளுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? நம்ம வீட்ல மாஷிதானே நல்லா செய்றாங்க?"

உண்மைதான். உள்ளே பிட்டே செய்துகொண்டிருந்தது எங்கள் வீட்டில் வேலை செய்யும் மாஷி. என்னிடம் பதில் இல்லை.

அப்போது ஞாபகம் வந்தது மதுரைப் பிட்டு. வைகையில் வெள்ளம், வீட்டுக்கு ஒரு ஆள் கரை அடைக்க வரவேண்டும் என்று பாண்டியன் ஆணை. ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சிவனே கூலியாளாக வந்தார். கூலி, உதிர்ந்த பிட்டு. வேலை செய்யாத கூலியாளை அரசன் பிரம்பால் அடிக்க, அடி எல்லார் முதுகிலும் விழுந்தது, அரசன் முதுகு உட்பட. ஆவணி மூலத்தன்று மதுரையில் இன்றும் இது திருவிழா.

அங்கே பலகாரம் பிறப்பைக் காட்டிக் கொடுக்கிறது. இங்கே உதிர்ந்த பலகாரத்துக்கும் மரியாதை கிடைக்கிறது. ஒரு கதையை மட்டும் சொல்லியிருந்தால் என் மகள் பாதிதான் கற்றிருப்பாள். நீங்களும் இரண்டு ஊர்க் கதையையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். நீதியைப் பிள்ளைகளே சொல்லட்டும்.

அன்று முதல் பிட்டேயை எடுத்துக்கொண்டு அவள் நேராகப் போனது மாஷியிடம்தான்.