அகலப் பார்வையும் நேரான கோடும்



சிறிய வகுப்பறை ஒன்றில் நாற்பது மாணவர்களை அமர்த்திப் படம் எடுக்க முனைந்தால், படம் எடுப்பவர் பின்னோக்கி நகர்ந்துகொண்டே போவார். முதுகு சுவரில் முட்டிய பிறகு என் செய்வது? அகலக் கோண வில்லையின் தேவை அங்கேதான் பிறக்கிறது. நடுத்தர அளவுப் படச்சுருள் காமிராவுக்கு அத்தகைய வில்லையைத் தேர்ந்தெடுப்பதில் எழுந்த சிக்கலையும், அது தீர்ந்த வரலாற்றையும் இன்று நாம் ஆராய்வோம்.

முதலில் அளவைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 35 மில்லிமீட்டர் படச்சுருளுக்கு 50 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள வில்லை இயல்பான பார்வையைத் தரும். சுவீடன் நாட்டு ஹாசல்பிளாட் காமிராவிலோ படம் 56 மில்லிமீட்டர் சதுரமாக அமைகிறது. அங்கே 80 மில்லிமீட்டர்தான் இயல்பு. ஆகவே, சிறிய காமிராவில் சாதாரணமான 50 மில்லிமீட்டர், இங்கே அகலக் கோணமாகிவிடுகிறது.

அகலமாகப் பார்க்கும் ஆசை பழையது. 1900ஆம் ஆண்டளவில் பெர்லின் நகரின் கோர்ஸ் நிறுவனம் ஹைபர்கான் என்னும் வில்லையை வெளியிட்டது. அது ஏறத்தாழ 135 பாகை பார்த்தது. ஆனால் படத்தின் ஓரங்கள் இருண்டுபோயின. அதைச் சரிசெய்ய, நட்சத்திர வடிவான சிறு சக்கரம் ஒன்றை வில்லையின் முன்னே காற்றடித்துச் சுழற்றி, நடுவில் விழும் ஒளியைக் குறைத்தார்கள்!

ஐம்பதுகளின் தொடக்கத்தில் லுட்விக் பெர்ட்டலே என்னும் ஜெர்மானிய அறிஞர் பையோகான் வில்லையைப் புதிய முறையில் வடிவமைத்தார். அது ஏறத்தாழ 90 பாகை பார்த்தது. நேரான சுவர் படத்திலும் நேராகவே நின்றது. ஆயினும் ஓர் இடையூறு இருந்தது. அதன் பின்புறம் படச்சுருளை ஒட்டினாற்போல் அமைய வேண்டும். ஹாசல்பிளாட்டிலோ, வில்லை வழியே வரும் காட்சியை நமக்குக் காட்டும் சாய்ந்த கண்ணாடி அந்த இடத்தில்தான் இருந்தது.

இங்கே இரு வழிகள் பிரிந்தன. முதல் வழி, கண்ணாடியையே துறப்பது. 1954இல் ஹாசல்பிளாட் நிறுவனம் 38 மில்லிமீட்டர் பையோகானுக்கென்றே கண்ணாடியில்லாத தனிக் காமிரா ஒன்றைச் செய்தது. அதில் மேலே பொருத்திய தனிக் காட்சிக் குழல் வழியே பார்க்க வேண்டும். தூரத்தை மதிப்பிட்டுக் குறிக்க வேண்டும். இரண்டாம் வழி, வில்லையையே மாற்றுவது. 1950இல் பிரான்சு நாட்டின் ஆன்ஜெனியூ நிறுவனம் பின்புறம் தள்ளி நிற்கும் அகல வில்லையைச் சிறிய காமிராவுக்கு வழங்கியது. அதே தத்துவத்தில் சைஸ் நிறுவனம் செய்த டிஸ்டகான் வில்லைகள் ஹாசல்பிளாட்டுக்கும் வந்தன. காட்சியை நேரே காண முடிந்தது. ஆனால் கண்ணாடித் துண்டுகள் கூடின, எடை கூடியது, ஓரத்துக் கோடுகள் சற்றே வளையவும் இடமேற்பட்டது.

கோடு வளைந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். 1969 ஜூலையில் மனிதன் நிலவில் இறங்கியபோது அதற்கு விடை கிடைத்தது. அங்கே எடுக்கும் படம் அளவெடுப்பதற்கும் உதவ வேண்டும். ஆகவே கண்ணாடியில்லாத ஹாசல்பிளாட்டில் 60 மில்லிமீட்டர் பையோகானைப் பொருத்தினார்கள். படச்சுருளின் முன்னே, 10 மில்லிமீட்டர் இடைவெளியில் சிலுவைக் குறிகள் பொறித்த கண்ணாடித் தகடு இருந்தது. படச்சுருள் நீண்டாலும் சுருங்கினாலும் அக்குறிகள் காட்டிக்கொடுத்துவிடும். வில்லையே கோட்டை வளைத்திருந்தால் அந்த அளவெல்லாம் பிழையாகியிருக்கும். தலைக்கவசம் அணிந்த விண்வெளி வீரர் காமிராவுக்குள் குனிந்து பார்ப்பதும் அரிது. அவர் அதை மார்பில் மாட்டி, உடலைத் திருப்பியே குறிவைத்தார். எனவே கண்ணாடி இல்லாதது அங்கே குறையாகவில்லை. இறுதியில் எடையைக் குறைக்கக் காமிராவையும் வில்லையையும் நிலவிலேயே விட்டு, படச்சுருள் பெட்டியை மட்டும் கொண்டு வந்தார்கள்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? எந்த வில்லை உயர்ந்தது என்று கேட்பதைவிட, எந்த வேலைக்கு என்று கேட்பதே அறிவுடைமை. கட்டடம், அறை, அளவு ஆகியவற்றுக்குப் பையோகான் பொருந்தும். அசையும் மனிதரையும் அருகிலுள்ள பொருளையும் பார்த்துப் பார்த்து எடுப்பதற்கு டிஸ்டகான் பொருந்தும். எதை வாங்கினாலும் காமிராவை மட்டமாகப் பிடிக்கப் பழக வேண்டும். மேல்நோக்கிச் சாய்த்தால், எத்துணைச் சிறந்த வில்லையிலும் சுவர்கள் உட்புறம் சாய்ந்தே தோன்றும். அது வில்லையின் குற்றமன்று. பிடித்த கையின் குற்றம்.