இரண்டு வாடாக்களும் ஒரு கேள்வியும்

ஊரிலிருந்து யாராவது புனேவுக்கு வந்தால் நாம் என்ன காட்டுவோம்? சனிவார் வாடா, ஆகா கான் மாளிகை, தகடுசேட் கணபதி, நேரம் இருந்தால் சிங்ககட். நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். இப்போது அந்தப் பட்டியலில் இரண்டு வீடுகளைச் சேர்த்திருக்கிறேன். ஒன்று நாராயண் பேட்டில் இருக்கும் கேசரி வாடா, திலகர் பின்னாளில் வாழ்ந்த இடம். இன்னொன்று கஞ்ச் பேட்டில் இருக்கும் ஃபுலே வாடா, ஜோதிராவ் ஃபுலேயும் சாவித்ரிபாயும் வாழ்ந்த வீடு. இரண்டுமே பழைய புனேவுக்குள்தான். கணபதி உற்சவத்தில் முதல் ஐந்து மரியாதைக் கணபதிகளில் ஒருவர் கேசரி வாடாக்காரர் என்பதால் அங்கே கூட்டம் இருக்கும். ஃபுலே வாடாவில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

"நாம் எங்கிருந்து வந்தோம்?" என்ற ஒரே கேள்விக்கு இந்த இருவரும் விடை எழுதியிருக்கிறார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விடை, ஆனால் அதிலிருந்து எடுத்த முடிவுகள் நேர் எதிர். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். கொஞ்சம் நீளம், டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள் :-)

முதலில் கதையின் வேர். 1786ல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று பேசினார். அது மொழியைப் பற்றிய பேச்சு. அடுத்த நூறு ஆண்டுகளில் அது இனத்தைப் பற்றிய பேச்சாக மாறியது. ஆரிய மொழி பேசியவர்கள் என்பது போய் ஆரியர்கள் என்று ஆனது. மாக்ஸ் முல்லரே 1888ல், ஆரியம் என்று நான் சொல்வது மொழியை மட்டும், ரத்தத்தையோ மண்டை ஓட்டையோ அல்ல என்று எழுத வேண்டி வந்தது. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

இந்தியாவில் படித்தவர்கள் பலருக்கு இந்தக் கதை இனித்தது. 1877ல் வங்காளத்தின் கேசவ சந்திர சேன், ஆங்கிலேயர் இங்கே வந்ததை, பிரிந்துபோன பழைய ஆரியக் குடும்பத்துப் பங்காளிகள் மீண்டும் சேர்வதாகவே வர்ணித்தார். ஆள வந்தவன் தூரத்துச் சொந்தக்காரன் ஆகிவிட்டால் அடிமைத்தனம் அவ்வளவாக உறுத்தாதே!

ஃபுலேவுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. 1873ல் அவர் எழுதிய 'குலாம்கிரி' (அடிமைத்தனம் என்று பொருள்), ஜோதிராவும் தோண்டிபாவும் பேசிக்கொள்ளும் உரையாடல் நூல். அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். தொடக்கத்திலேயே பிரம்மாவின் வாய், தோள், தொடை, பாதத்திலிருந்து நான்கு வருணங்கள் பிறந்தன என்ற கதையைப் பிடித்துக்கொள்கிறார். பிள்ளை பெற்றது வாய் என்றால் கருப்பை எங்கே இருந்தது என்ற ரகத்தில் கேலி போகிறது. ஆனால் கேலிக்குப் பின்னால் இருப்பது விளையாட்டு இல்லை. பாதத்தில் பிறந்தவன் என்று ஒருவனை நம்பவைத்துவிட்டால், அவன் தலைகுனிந்து நடப்பதற்குத் தனியாகச் சட்டம் தேவையில்லை.

அந்தக் கதையை எடுத்துவிட்டு ஃபுலே என்ன வைத்தார்? வெளியிலிருந்து ஆரியர் வந்தார்கள், இந்த மண்ணின் அரசன் பலியை வஞ்சித்து வென்றார்கள் என்ற கதையை. மச்சம், கூர்மம், வராகம் என்ற அவதாரங்கள் எல்லாம் அலையலையாக வந்த படைகளின் தலைவர்கள் என்றார். வாமனன் கதையில் நமக்குப் பழக்கமான மகாபலிதான் அவருடைய நாயகன். கேரளத்தில் ஓணத்துக்கு வருகிறானே, அதே பலி. மராட்டியக் கிராமங்களில் தீபாவளி சமயத்தில், துன்பம் தொலையட்டும், பலியின் ராஜ்ஜியம் வரட்டும் என்று வாழ்த்தும் வழக்கம் உண்டு. ஃபுலே அதைத் தோற்ற மக்களின் நினைவாகப் படித்தார்.

வரலாறாக இதில் பலவும் நிற்காது. ஆனால் அது என்ன செய்தது என்று பாருங்கள். தாழ்வு என்பது பிறவியில் வந்தது என்றால் மாற்ற வழியே இல்லை. தாழ்வு என்பது ஒரு போரில் வந்தது என்றால், மனிதன் செய்ததை மனிதன் மாற்றலாம். மனைவியோடு சேர்ந்து 1848ல் பெண்களுக்குப் பள்ளி திறந்தவர், 1868ல் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டவர், 1873 செப்டம்பரில் சத்யசோதக் சமாஜத்தைத் தொடங்கியவர் அவர். அந்தச் செயல்களுக்குப் பின்னால் இப்படி ஒரு மனக்கணக்கு இருந்தது.

இப்போது இன்னொரு வீடு. 1897ல் ராஜத்துரோக வழக்கில் திலகர் சிறைக்குப் போனார். அங்கே ரிக் வேதத்தை வைத்துக்கொண்டு யோசித்தது, 1903ல் 'வேதங்களில் ஆர்க்டிக் தாயகம்' என்ற ஆங்கில நூலாக வந்தது. வேதத்தில் உஷை என்ற விடியல் தேவியைப் பற்றிய பாடல்கள் நிறைய. நாள்கணக்கில் நீளும் விடியல், தேவர்களுக்கு ஆறு மாதம் பகல் ஆறு மாதம் இரவு போன்ற செய்திகளை எடுத்துக்கொண்டு, இதெல்லாம் நடக்கும் ஒரே இடம் வட துருவம், ஆகவே வேத கால முன்னோர் அங்கேதான் இருந்தார்கள், பனி வந்து மூடியதும் தெற்கே இறங்கினார்கள் என்று வாதிட்டார்.

இன்று எந்தத் தொல்லியலாளரும் இதை ஏற்பதில்லை. ஆனால் சிறையில் இருந்த மனிதனுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்பது புரிகிறது. உங்களை நாகரிகப்படுத்த வந்தோம் என்று சொன்ன ஆங்கிலேயனிடம், உன் நாகரிகத்துக்குப் பல ஆயிரம் வருஷம் முன்பே எங்களுடையது இருந்தது என்று சொல்ல வேண்டியிருந்தது.

கவனியுங்கள். வெளியிலிருந்து வந்தார்கள் என்பதில் ஃபுலேவுக்கும் திலகருக்கும் சண்டையே இல்லை. ஒருவருக்கு அந்தப் பயணம் ஆக்கிரமிப்பு, இன்னொருவருக்கு அதுவே பெருமை.

திலகரின் விடை பின்னால் வந்தவர்களுக்குச் சங்கடமானது. நாமும் வந்தேறிகள் என்றால் பிறரை எப்படி அந்நியர் என்பது? 1939ல் கோல்வல்கர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். திலகர் சொன்னது சரிதான், ஆனால் அந்தக் காலத்தில் வட துருவமே இன்றைய பீகார்-ஒரிசா பகுதியில்தான் இருந்தது, பிறகு அது நகர்ந்துவிட்டது என்று எழுதினார். மனிதர்கள் நகரவில்லை, துருவம் நகர்ந்துவிட்டது!

அம்பேத்கர் செய்ததுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. ஆரியப் படையெடுப்புக் கதை அவருக்கு ஆயுதமாகப் பயன்பட்டிருக்கும். ஆனால் 1946ல் 'சூத்திரர்கள் யார்?' நூலில், வேதத்தில் அதற்குச் சான்று இல்லை, வருணம் என்பது தோலின் நிறமோ இனமோ அல்ல என்று அதை மறுத்தார். கையில் கிடைத்த ஆயுதத்தைச் சான்று போதாது என்று கீழே வைப்பது எல்லோராலும் முடியாது.

நம் பக்கமும் இதே கேள்விதான். கால்டுவெல் 1856ல் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதியபின் நமக்கும் தனி மூதாதையர் கிடைத்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1898ல் பௌத்தம் தழுவினார், 1907ல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். இன்று தாழ்த்தப்பட்டவர்கள் அன்றைய பௌத்தர்கள், கொள்கையை விடாததால் தாழ்த்தப்பட்டார்கள் என்பது அவர் வாசிப்பு. புனேவில் பலி, சென்னையில் புத்தர். இரண்டு பேரும் கேட்டது தலைநிமிர ஒரு பூர்வீகம்.

சரி, இன்றைய அறிவியல் என்ன சொல்கிறது? ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி ஏறத்தாழ 65,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்தவர்கள் ஒரு அடுக்கு. பண்டைய ஈரானியரோடு தொடர்புள்ள மக்கள் இன்னொரு அடுக்கு, இவ்விரண்டும் கலந்ததே சிந்துவெளி மக்கள். பொ.மு. 2000க்குப் பிறகு வந்த ஸ்டெப்பி புல்வெளிக்காரர்கள் மூன்றாவது அடுக்கு. 2019ல் வெளியான ராக்கிகடி எலும்புக்கூட்டின் டிஎன்ஏவில் ஸ்டெப்பி கலப்பு இல்லை. சிந்துவெளியின் பங்கு வடக்கிலும் உண்டு, தெற்கிலும் உண்டு. அளவுதான் ஆளுக்கு ஆள் மாறும். கலப்பே இல்லாத சுத்தமான ஆள் ஒருவரும் இல்லை.

மூத்த குடி என்று மார்தட்டுவோருக்கும் ஒன்று. 1863ல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரியைக் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் வயது 15 லட்சம் ஆண்டு என்று 2011ல் அறிவித்தார்கள். பெருமைதான், ஆனால் அவற்றைச் செய்தவர்கள் தமிழர் இல்லை, நம் மனித இனமே இல்லை. ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றுவதற்கு வெகுகாலம் முந்தையவர்கள்.

என்னை உறுத்தும் தகவல் வேறு. 2013ல் வந்த ஒரு மரபணு ஆய்வின்படி, இந்த மக்கள் ஒருவரோடு ஒருவர் தாராளமாகக் கலந்தது சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை. அதன்பின் அவரவர் கூட்டத்துக்குள்ளேயே கல்யாணம் என்று கதவு சாத்தப்பட்டது. ஆக, கலப்பு பழசு, சுத்தம்தான் பின்னால் வந்தது. வெளியூரில் இருபது வருஷம் இருந்துவிட்டு, பெண்ணுக்கு வரன் தேடும்போது மட்டும் உட்பிரிவு வரைக்கும் கேட்கிறோமே, அந்தக் கதவைத்தான் இன்னும் இழுத்துப் பூட்டிக்கொண்டிருக்கிறோம்.

இது நமக்கு ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. 1966ல் பம்பாயில் சிவசேனை தொடங்கியபோது முதல் இலக்கு தென்னிந்தியர்கள்தான். மண்ணின் மைந்தன் என்பதும் ஒரு பூர்வீகக் கதைதான். கதவுக்கு வெளியே நின்றவர்கள் நாம். அதே கதையை நம் ஊரில், பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்த பையனிடம் சொல்கிறவர்களும் நாமே.

நம் பிள்ளைகளிடம் இங்கே எல்லோரும் "நேட்டிவ் எது?" என்று கேட்கிறார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லட்டும், தப்பில்லை. கூடவே ஒன்றையும் சொல்லிக்கொடுக்கலாம். பூர்வீகக் கதை எதைக் கேட்டாலும் இரண்டு கேள்வி கேள்: இதற்குச் சான்று என்ன? இது யாரை நிமிர வைக்கிறது, யாரைக் குனிய வைக்கிறது? முதல் கேள்வியில் ஃபுலே தேற மாட்டார், திலகரும் தேற மாட்டார். இரண்டாவதில் இருவருக்கும் ஒரே மார்க் போட என்னால் முடியவில்லை. உங்களால்?