நாட்காட்டியில் எழுந்தருளிய தெய்வங்கள்

ஆண்டு முடிந்ததும் நாட்காட்டியின் தாள்கள் பயனற்றுப் போகின்றன. ஆயினும் அதில் அமைந்த முருகனையோ திருமகளையோ குப்பையில் இட எவருக்கும் மனம் வருவதில்லை. கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவாமியறையில் மாட்டி விளக்கேற்றுவர். தமிழகத்துக்கு மட்டுமன்றி, கொட்டாஞ்சேனை, மட்டக்குளித் தமிழர் இல்லங்களுக்கும் பழக்கமான வழக்கம் இது. இப்படங்களுக்கு உருவமைதி வகுத்தோருள் தலையாயவர் கோவிற்பட்டி கொண்டைய ராஜு.

1898இல் பிறந்த இவர், சென்னை அரசினர் ஓவியப் பள்ளியிற் பயின்றார். சிறிது காலம் திருவண்ணாமலையில் இரமண மகரிஷியின் ஆசிரமத்தில் வாழ்ந்தார். பின்னர் நாடகக் குழுவொன்றிற் சேர்ந்து திரைச்சீலைகள் தீட்டினார். 1940களில் கோவிற்பட்டியில் தங்கி, மாணவர் பலரை உருவாக்கினார்.

இம்மூன்று அனுபவங்களும் அவர் படங்களில் ஒன்றாயின. ஒளி நிழல் காட்டும் முறை பள்ளியிற் கற்றது. தூண்களும் பட்டுத் திரைகளும் மேடை தந்தவை. கைகளின் முத்திரையும் ஏந்திய படைக்கலமும் கோயில் மரபு வழுவாதவை. வணங்குவோரை நேரே நோக்கும் கண்களே அவற்றின் உயிர்நிலை.

அருகேயிருந்த சிவகாசி, 1923இல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கி, அதன் வழியே அச்சுத் தொழிலிலும் சிறந்த ஊர். அங்கே மூல ஓவியத்தை வண்ணம் வண்ணமாகப் பிரித்து அச்சிட்டனர். வணிகர் தம் பெயரை அடியிற் பொறித்து வாடிக்கையாளருக்கு இலவசமாக வழங்கினர். வணிகர் பெயர் பெரிதாகவும் ஓவியர் பெயர் மூலையிற் சிறிதாகவும் நின்றன. அதனாலேயே கலையறிஞர் பலர் இவற்றை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை.

ஜப்பானிய வரலாறு வேறு பாடம் புகட்டுகிறது. 1765ஆம் ஆண்டளவில் எடோ நகரத்துச் செல்வர், நண்பருக்கு வழங்கும் பொருட்டுப் பட நாட்காட்டிகளை அச்சிடுவித்தனர். சுசுகி ஹருநொபு அவற்றுக்கு வரைந்த ஓவியங்களோடு பல்வண்ண மர அச்சுக்கலை தழைத்தது. அங்கும் ஓவியர், செதுக்குநர், அச்சாளர், வெளியீட்டாளர் ஆகியோர் கூடியே படைத்தனர். எளிய விலைக்கு விற்ற அத்தகைய அச்சுப் படங்களை இன்று உலகின் அரும்பொருட்சாலைகள் போற்றிக் காக்கின்றன.

தமிழ்நாட்டு நாட்காட்டிப் படங்களுக்கு இன்னுமொரு பெருமை உண்டு. மதுரை மீனாட்சியம்மன் ஆலயக் கதவு ஒடுக்கப்பட்டோருக்குத் திறந்தது 1939இலேதான். கோயில்கள் பலவற்றில் தடை அதன் பின்னும் நீடித்தது. கருவறையை அணுகவொண்ணாதார் குடிசைச் சுவரிலும் இப்படம் தெய்வத்தைக் கொணர்ந்தது. சாதி கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை.

கொண்டைய ராஜு 1976இல் மறைந்தார். விளம்பரத்துக்காக அச்சான தாள் வழிபாட்டுக்குரியதாயிற்று. வணிகத்தால் கலை தாழும் என்போர் இதனையும் எண்ணிப் பார்த்தல் நன்று.