கொங்கு நாட்டில் கொடிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று

சங்கிலிபோல் கோத்து வளரும் உருண்டைக் கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அதில் 'ஏ' பிரிவு பெரும்பாலும் தொண்டைவலி, சிரங்கோடு நின்றுவிடும். அரிதாகத் தோலுக்கடியில் இறங்கிச் சதையுறையை அழுகவைக்கும். நச்சு ரத்தத்தில் கலந்தால் சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரியும், சிறுநீரகம் செயலிழக்கும். இந்த நச்சதிர்ச்சிக்கு ஆளாகும் பெரியவர்களில், தீவிர சிகிச்சை கிடைத்தும் பத்தில் மூவராவது இறக்கிறார்கள்.

ஈரோட்டு மஞ்சள் காட்டிலும் பொள்ளாச்சித் தென்னந்தோப்பிலும் வெறுங்காலோடு நடப்பவருக்கு முள்குத்தும் பாதவெடிப்பும் பழகிப்போனவை. கூடவே சர்க்கரை நோய் இருந்தால் அந்தச் சிறு புண்ணே கிருமிக்கு வாசல். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வின்படி, நாட்டில் 20 வயதைக் கடந்தவர்களில் 11.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் உண்டு. முதியோர், பிள்ளை பெற்ற தாய்மார், கல்லீரல் கெட்டவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், சின்னம்மை கண்ட குழந்தைகள் ஆகியோருக்கும் ஆபத்து கூடுதல்.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பைவிடப் பல மடங்கு வலிப்பதே முதல் அடையாளம். பிறகு வீக்கம் மணிக்கு மணி பரவும். தோல் கருநீலமாகிக் கொப்புளம் எழும். ஆள் குழம்பிப் பேசுவார். ஆனால் யாருக்கு ஆபத்து அதிகமோ அவரிடமே இந்த அடையாளம் ஏமாற்றும். பல வருடச் சர்க்கரையில் நரம்பு மரத்த காலுக்கு வலி தெரியாது. முதியவருக்குக் காய்ச்சலே வராமல் போகலாம். மெடிக்கலில் வாங்கிப் போட்ட வலி மாத்திரை மிச்சத்தையும் மறைத்துவிடும். 2004-இல் சிங்கப்பூர் மருத்துவர்கள் சதையுறை அழுகலைக் கண்டறிய ஆறு ரத்தப் பரிசோதனைகளைக் கொண்டு ஒரு மதிப்பெண் முறை வகுத்தார்கள். மதிப்பெண் குறைவாக இருப்பதாலேயே நோய் இல்லை என்று சொல்ல முடியாது எனப் பின்னர் தெரிந்தது. சந்தேகம் வலுத்தால் கத்தி வைத்துத் திறந்து பார்ப்பதே உறுதியான வழி.

அழுகிய சதையை உடனே வெட்டியெடுக்க வேண்டும். மறுநாளே மீண்டும் திறந்து பார்ப்பதும் வழக்கம். கலப்புக் கிருமிகள் இருக்கலாம் என்பதால் ரத்தம் கல்ச்சருக்கு எடுத்த கையோடு பல கிருமிகளைத் தாக்கும் மருந்து தொடங்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான் என்று உறுதியானால் பென்சிலினும் கிளிண்டாமைசினும். முன்னது கிருமியைக் கொல்லும், பின்னது நச்சு உற்பத்தியை நிறுத்தும்.

பென்சிலின் இத்தனை ஆண்டுகளாகியும் இக்கிருமியிடம் தோற்கவில்லை. எரித்ரோமைசின் கதை வேறு: வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் தொண்டைக் கிருமிகளில் அதற்கு எதிர்ப்பு கூடிவருவதை 2005-இலேயே பதிவு செய்தார்கள். அதை எதிர்க்கும் கிருமி பல நேரம் கிளிண்டாமைசினையும் எதிர்க்கும். அதனால் கிளிண்டாமைசினைத் தனியாகக் கொடுப்பதில்லை.